கண்ணாடிப் பீப்பாய்ப் பதிவேடு

சல்லடைக்காரரின் பதிவேட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "காலை 9.20. மரக் கதவு 1. பூட்டியிருந்தது. சாவி வரவில்லை." பதினொரு மாதம் கழித்து இன்னொரு பக்கத்தில்: "பிற்பகல் 2.05. மிதவைக் கட்டையில் கட்டிய சாவி 1. மேற்படிக் கதவுக்குப் போட்டுப் பார்க்கப்பட்டது. பொருந்தவில்லை." இந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையே பதினொரு மாதமும் அந்தக் கதவை அவர் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்பதிலிருந்தே அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கலாம்.

அவர் வேலை பார்ப்பது கடலோரத்து அனல்மின் நிலையம் ஒன்றில். அங்கே நீராவியைக் குளிரவைக்கக் கடல்நீர் வேண்டும். அது ஒரு கால்வாய் வழியாக உள்ளே வருகிறது. தனக்கு வேண்டாம் என்று நினைப்பதையெல்லாம் கடல் அந்த நீரோடு சேர்த்து அனுப்பிவிடும். அவற்றைத் தடுக்கக் கால்வாயின் முடிவில் இரண்டு சுழல் சல்லடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். கம்பிவலைத் தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரிலிருந்து மேலேறி, உச்சியில் திரும்பி, மறுபடி நீருக்குள் இறங்கும். உச்சியில் பீச்சும் நீர்க்குழாய்கள் ஒட்டியிருப்பதைக் கழுவிக் குப்பைத் தொட்டியில் தள்ளும். அதற்கப்பால் போவது வெறும் நீர் மட்டுமே என்பது ஏற்பாடு.

சல்லடைகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஓர் அளவுமானி. சல்லடைக்கு முன்னே நிற்கும் நீருக்கும் பின்னே நிற்கும் நீருக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அது காட்டும். வித்தியாசம் நான்கு விரற்கடை என்றால் எல்லாம் நலம். ஒரு முழத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். இரண்டு முழத்தை எட்டினால் நீரை உறிஞ்சும் பம்பு தானாக நின்றுவிடும். பம்பு நின்றால் நிலையமே நின்றுவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த சல்லடைக்காரர் இந்த ஆண்டு வரை இரண்டு முழத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

சல்லடையில் வருவதை எழுதிவைக்கும்படி அவரை யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒரு மணிக்கு ஒருமுறை அளவுமானியின் எண்ணைக் குறிப்பதுதான். ஆனால் பதிவேட்டில் "குறிப்பு" என்று அகலமான ஒரு கட்டம் அச்சிடப்பட்டிருந்தது. அச்சிட்ட கட்டத்தைக் காலியாக விடுவது அவருக்கு வணக்கம் சொன்னவருக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் போவதைப் போல. ஆகவே எழுதினார். "செருப்பு 1, இடது." "சாப்பாட்டு டப்பா 1, மூடியது. திறக்கத் துணிவில்லை." "பந்து 14, ஒரே நாளில். எங்கோ ஒரு கடையில் ஏதோ நடந்திருக்கிறது." ஒவ்வொரு மாலையும் தலைமைப் பொறியாளர் வந்து, பக்கத்தின் அடியில் பச்சை மையால் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போவார். அதற்கு நான்கு விநாடி ஆகும்.

நிலையத்தின் குடியிருப்பில் அவருக்கு இரண்டறை வீடு. முன்னறையில் மனைவி தையல் இயந்திரம் போட்டிருந்தார். பதிவேட்டின் மீது அவருக்கிருந்த கருத்து பத்தொன்பது ஆண்டுகளாக மாறவில்லை.

"கல்யாணமாகி நான் வந்த அன்னைக்கு என்னையும் எழுதிட்டீங்களா? பெண் ஒண்ணு, பெட்டி ரெண்டுன்னு?"

சல்லடைக்காரர் பதில் சொல்லமாட்டார். ஏனென்றால் எழுதியிருந்தார். அந்த வாரப் பக்கத்தில் "நான்கு நாள் விடுப்பு. காரணம்: மனைவி" என்று இருக்கிறது. அடியில் பச்சை மையில் "பார்த்தேன்."

*

ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பதிவு வேறு மாதிரியானது. "கண்ணாடிப் பீப்பாய், சுமார் 40. கட்டைவிரல் அளவு. கண்ணுக்குத் தெரியவில்லை, கையில் தட்டுப்பட்டது. உயிருள்ளவை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் சுருட்டிவைத்த மாலை போல ஒன்று." ஒன்பது நாள் கழித்து: "கண்ணாடி மாலை. எண்ண முடியவில்லை. மணி அடித்தது. ஐம்பது நிமிடம் இரண்டு சல்லடைகளையும் சேர்த்து ஓட்டிச் சமாளிக்கப்பட்டது. முதலில் பீப்பாய், பிறகு மாலை. இனிப் பீப்பாய் வந்தால் அடுத்த வாரம் உஷாராக இருக்க வேண்டும்."

அவர் பீப்பாய் என்று எழுதியதைக் கடல் உயிரியல் படித்தவர்கள் சால்ப் என்பார்கள். பார்த்தால் ஜெல்லிமீனின் உறவு என்று தோன்றும். உண்மையில் அது நம்முடைய உறவு. முதுகெலும்புள்ள பிராணிகளும் அதுவும் ஒரே பெரும் குலத்தைச் சேர்ந்தவை. பங்காளி என்று சொல்ல முடியாவிட்டாலும் பங்காளிக்குப் பங்காளி என்று தயங்காமல் சொல்லலாம். உடல் இருபுறமும் திறந்த ஒரு பீப்பாய். பீப்பாயைச் சுற்றி இரும்புப் பட்டை போடுவதைப் போலத் தசைப் பட்டைகள். அவை இறுகும்போது உள்ளிருக்கும் நீர் பின்வாய் வழியே பீச்சியடிக்கப்பட்டுப் பிராணி முன்னே நகர்கிறது. தளரும்போது முன்வாய் வழியே புதுநீர் வருகிறது. அந்த நீர் முழுவதும் உடலுக்குள் விரிந்திருக்கும் ஒரு சளிவலையின் வழியாகத்தான் போயாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வலையில் சிக்கும். பிராணி வலையைக் கயிறுபோலத் திரித்து, பாசியோடு சேர்த்து விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் புது வலை நெய்துகொண்டேயிருக்கும். பயணமும் சாப்பாடும் அதற்கு ஒரே வேலை. சுருங்கச் சொன்னால் அதுவும் ஒரு சல்லடைக்காரர். அடைத்த சல்லடையை விழுங்கித் தீர்த்துவிடும் வசதிதான் கூடுதல். நிலையத்துக்கு அந்த வசதி இன்னும் வரவில்லை.

அதன் குடும்ப வழக்கமும் விசித்திரமானது. தனியாக வாழும் பீப்பாய்க்குத் துணை தேவையில்லை. தன் உடலிலிருந்தே மொட்டுவிட்டு, டஜன் கணக்கில் பிள்ளைகளைக் கோத்த மாலையாக வெளியே விடும். விட்டுவிட்டு அடுத்த மாலையைத் தொடங்கும். மாலையிலிருக்கும் ஒவ்வொரு பிராணியும் முதலில் பெண். தன் வயிற்றில் ஒரே ஒரு குழந்தையைச் சுமந்து, அது வளர்ந்து வெளியேறியதும், தான் ஆணாகிவிடும். அந்தக் குழந்தை மாலையில் சேராது. தனிப் பீப்பாயாகப் போய்விடும். அதாவது, மகள் ஒருபோதும் தாயைப் போல இருக்கமாட்டாள், பேத்திதான் இருப்பாள். பாசி நிறைந்த நீர் கிடைத்துவிட்டால் இவையெல்லாம் சில நாட்களில் நடந்து முடிந்துவிடும். நாற்பது பீப்பாய் ஒரே வாரத்தில் கடல் கொள்ளாத கூட்டமாவது இப்படித்தான்.

சல்லடைக்காரர் இதில் எதையும் படித்தவரல்லர். கண்ணால் பார்த்ததும் கையில் தட்டுப்பட்டதும் மட்டுமே அவருக்குத் தெரியும்: முதலில் பீப்பாய், பிறகு மாலை. பீப்பாய் மாலையைப் பெறுகிறது என்று மனைவியிடம் சொன்னபோது, "பொண்ணு அம்மா மாதிரி இல்லாம போறதுக்குக் கடலுக்குப் போகணுமா? உங்க அக்கா வீட்டப் பாருங்க" என்றார் அவர்.

*

இந்த ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடி பீப்பாய்கள் வந்தன. அப்போது இரண்டாம் சல்லடை நான்கு மாதமாகப் பழுதில் கிடந்தது. அவர் எழுதினார்: "கண்ணாடிப் பீப்பாய், அறுபதுக்கு மேல். வயிற்றில் மாலை உள்ளது. அடுத்த வாரம் மாலைகள் வரும். இரண்டாம் சல்லடையைச் சரிசெய்து தர வேண்டுகிறேன்." அடியில்: "பார்த்தேன்."

அடுத்த வாரம் புதன்கிழமை மாலைகள் வந்தன. காலை 6.40க்கு அளவுமானியில் நான்கு விரற்கடை. 6.55க்கு மணி அடித்தது. சல்லடை முழுவேகத்தில் ஓடியது. நீர்க்குழாய்கள் முழு அழுத்தத்தில் பீச்சின. அவர் கையாலும் வாரிவாரித் தொட்டியில் கொட்டினார். 7.12க்குப் பம்பு நின்றது. 7.13க்கு நிலையம் நின்றது. ஊரில் மின்விசிறிகள் நின்றன. எட்டு மணி நேரம் அப்படியே கிடந்தது.

தலைமைப் பொறியாளர் தலைமை அலுவலகத்தின் தொலைபேசிகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்துச் சல்லடைக்கு வந்தபோது மணி பதினொன்று. அதற்குள் கூட்டம் கடந்துபோயிருந்தது. சல்லடை கழுவப்பட்டுப் பளிச்சென்று இருந்தது. தொட்டியில் கொட்டியவை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீராலான பிராணிகள், நான்கு மணி நேர வெயிலில் நீராகவே வடிந்துபோயிருந்தன.

"எங்கய்யா, அடைச்சதுன்னு சொன்ன பொருளு?"

"போயிடுச்சு சார்."

"எங்க போச்சு?"

"தண்ணியாப் போச்சு சார். வர்றப்பவே கிட்டத்தட்ட தண்ணிதான்."

"அப்போ கடல் தண்ணி வந்து கடல் தண்ணிய அடைச்சிடுச்சு. அப்படித்தானே?"

பொறியாளர் இதைச் சொல்லியபடி கோபமாகத் திரும்பினார். திரும்பிய வேகத்தில் தொட்டியருகே கால் வழுக்கி, தரையில் உட்கார்ந்தார். எழுந்தபோது கோபம் இருமடங்காகியிருந்தது.

மாலைக்குள் குறிப்பாணை வந்துவிட்டது. குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று: சல்லடையை ஓட்டாமல் விட்டு, கண்ணுக்குத் தெரியாத பிராணிகளின் மேல் பழி போட்டது. இரண்டு: குப்பைத் தொட்டியருகே தரையை வழுக்கும்படி விட்டு, மேலதிகாரிக்கு ஊறு விளைவித்தது. ஐந்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வருவார். குற்றம் உறுதியானால், நிர்வாகக் கட்டடத்தின் காகிதக் கிடங்குக்கு நிரந்தர மாற்றல். மாற்றல் உத்தரவு முன்கூட்டியே தட்டச்சாகியிருந்தது; தேதிக்கான இடம் மட்டும் காலி.

காகிதக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. அங்கே இருப்பவை எல்லாம் ஏற்கெனவே எண்ணப்பட்டவை. வருவதும் கேட்டுத்தான் வரும். போவதும் கையெழுத்திட்டுத்தான் போகும். பூட்டிய கதவு ஒன்று எங்கிருந்தோ வந்து சேர அங்கே வழியே இல்லை. இரவுச் சாப்பாட்டில் சல்லடைக்காரர் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததை, அவர் எழுதாவிட்டாலும், மனைவி கவனித்தார்.

நல்லவேளையாக அவரிடம் ஆதாரம் இருந்தது. புதன்கிழமை காலையில் வாரியதில் ஒரு வாளி மாலையை மூடிபோட்டு வீட்டுக் குளியலறையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தபோது வாளி கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருந்தது.

"வாளியில இருந்தது எங்க?"

"அந்த நாத்தம் புடிச்ச தண்ணியா? கொட்டிட்டேன். ரெண்டு நாளா வீடே தாங்கல."

"அது தண்ணி இல்ல. ஆதாரம்."

"ஆதாரம்னா நாறுமா? நாறுற ஆதாரத்த வச்சு யாரு உங்கள விடுவாங்க?"

தையல் அறையில் உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பி இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அவர் நிலையத்தின் வாசலில் பாதுகாவலர். அந்த வாரம் முழுக்க வாசலைக் கடந்தவர்கள் எல்லாரும் அவரிடம் அவருடைய மாமாவின் உடல்நலம் விசாரித்திருந்தார்கள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உள்ள வர்ற ஒவ்வொருத்தனையும் அடையாள அட்டை பாத்துத்தான் விடுறேன். உங்க ஆளுங்க கடல் வழியா, கண்ணுக்குத் தெரியாம, உடம்புல ஒரு துணிகூட இல்லாம வந்திருக்காங்க. நான் என்ன பண்ண முடியும்?"

"மச்சான், நீ வாய மூடு. திங்கக்கிழமை காலையில என் கூட வா. புதுசு புடிக்கணும்."

"கண்ணுக்குத் தெரியாதத எப்படிப் புடிக்கிறது?"

"கைய விட்டு. ஒண்ணுமே இல்லாத இடத்துல ஏதோ இடிச்சா அதுதான்."

"அப்போ எங்க ஆபீஸ்ல நிறைய இருக்கு" என்றார் மச்சான்.

*

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு இருவரும் கால்வாயின் முகப்பில் முழங்கை வரை கையை நீரில் விட்டுத் துழாவினார்கள். ஒன்பது மணிக்குள் ஏழு கிடைத்தன. எல்லாம் குட்டிப் பீப்பாய்கள், சுண்டுவிரல் நுனி அளவு. போன வாரத்து மாலைகள் பெற்றுவிட்ட பிள்ளைகள். பழரசம் வந்த ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, தூய கடல்நீர் நிரப்பி, அதில் விட்டார்கள். விட்டதும் காணாமல் போய்விட்டன. மனைவி ஒரு முழம் கறுப்பு வெல்வெட்டையும், ஊசியில் நூல் கோக்கப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியையும் கொடுத்தனுப்பினார். "வாளிக்குப் பதிலா" என்றார். மன்னிப்பின் வாடை அதில் இல்லாதபடி பார்த்துக்கொண்டார்.

விசாரணை அறையில் நீள மேசை. தலைமாட்டில் விசாரணை அதிகாரி: ஐம்பது வயதுப் பெண்மணி, தொண்டை கட்டியிருந்தது, இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை இருமினார். வலப்பக்கம் தலைமைப் பொறியாளர். எதிரே, நாற்காலியின் நுனியில், சல்லடைக்காரர். அவர் முன்னே பதிவேடுகளும் பாட்டிலும்.

"நான் கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க. நடுவுல பேசக்கூடாது. சரியா?" என்றார் அதிகாரி.

"சரிங்க மேடம்."

சல்லடைக்காரர் விதியென்றால் விதியாக நடப்பவர். பின்னால் நடந்தவற்றுக்கு அதுவே காரணம்.

பொறியாளர் அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். அதிகாரி இருமினார், முன்னால் இருந்த குடிநீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார், அது காலி. அலுவலக உதவியாளர் ஓர் ஒழுங்கான மனிதர். மேசையைச் சுற்றிப் பார்த்தார். சல்லடைக்காரரின் முன்னால் தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்று சும்மா இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தண்ணீரோடு இருக்க, அதிகாரி இருமிக்கொண்டிருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. பாட்டிலை எடுத்துப்போய் அதிகாரியின் முன்னால், டம்ளர் இருந்த தட்டில் வைத்துவிட்டார்.

சல்லடைக்காரர் கையைத் தூக்கினார்.

"உங்க முறை வரும்" என்றார் பொறியாளர்.

அதிகாரி மூடியைத் திருகினார். சல்லடைக்காரர் இரண்டாம் கையையும் தூக்கினார்.

"அவசரப்படாதீங்க. கேக்குறப்போ சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அதிகாரி டம்ளரில் ஊற்றி, ஒரே மடக்காகக் குடித்தார்.

முதலில் அவர் முகம் உப்பைக் கண்டுபிடித்தது. அடுத்து, வேறு எதையோ. கண்கள் அகலமாக விரிந்து, மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தன. நாக்கின் மேல் ஏதோ ஒன்று அதே திசையில் நகர்வதைத் தொடர்ந்து போவதைப் போல. பிறகு தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

சல்லடைக்காரரின் இரண்டு கைகளும் இன்னும் மேலேயே இருந்தன.

"இப்போ சொல்லுங்க" என்றார் அதிகாரி. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"விழுங்கிட்டீங்களா மேடம்?"

"எத?"

"சாட்சிய."

"என்னய்யா சொல்றீங்க?"

"ஏழு கொண்டுவந்தேன் மேடம். டம்ளர்ல ஒண்ணுதான் விழுந்துச்சு. பாட்டில்ல இப்போ ஆறு இருக்கு. பயப்படாதீங்க. உள்ள போனதுல தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணிதான். மீதி அஞ்சு பங்கும் ரொம்ப சாது."

பொறியாளர் பாட்டிலை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். "வெறும் தண்ணி மேடம். உப்புத் தண்ணி. இந்த ஆளு..."

"வழுக்கிச்சு," என்றார் அதிகாரி.

"என்ன மேடம்?"

"தண்ணி வழுக்காது சார். என் வாயில ஒண்ணு வழுக்கிட்டுப் போச்சு. துடிச்சுது." அவர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர்போல, குறிப்பாணையைத் தன் பக்கம் இழுத்தார். "ரெண்டாவது குற்றச்சாட்டு என்ன? தொட்டிக்கிட்ட தரை வழுக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். நானே விழுந்தேன்."

"தரையில எண்ணெய் இருந்துச்சா?"

"இல்ல."

"சோப்பு?"

"இல்ல மேடம். ஒண்ணுமே தெரியல. லேசா ஒரு பிசுபிசுப்பு, அவ்வளவுதான்."

"கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பு. தொட்டிக்கு அது எப்படி வரும்?"

"சல்லடை மேல ஏத்திக் கொண்டாந்து, தண்ணியடிச்சுத் தள்ளினா..." பொறியாளர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதமாக நிறுத்திக்கொண்டார்.

"ஓடாத சல்லடை ஏத்துமா சார்?"

முதல் குற்றச்சாட்டை இரண்டாவது குற்றச்சாட்டு விழுங்கிவிட்டது. ஆனால் அதிகாரி விடுவதாக இல்லை. அப்படி என்னதான் தன்னுள்ளே போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. சல்லடைக்காரர் அனுமதி கேட்டு எழுந்து, ஜன்னல் திரையை மூடச்சொல்லி, பாட்டிலின் பின்னே கறுப்பு வெல்வெட்டைப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தார். ஒன்றுமில்லாத நீரில் ஆறு கண்ணாடிப் பீப்பாய்கள் தோன்றின. பட்டைகள் இறுகின, தளர்ந்தன, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விரற்கடை முன்னே போயின. ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவில் ஒரு பழுப்பு உருண்டை.

"அதுதான் வயிறு மேடம். அது ஒண்ணத்தான் அதால மறைக்க முடியல."

"நம்மளாலயும் முடியலையே" என்றார் அதிகாரி. பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். "இங்க ஒண்ணு குட்டியாத் துடிக்குது. இதயமா? அட, நின்னுடுச்சு. செத்துடுச்சா?"

"இல்ல மேடம். கொஞ்சம் பொறுங்க."

"மறுபடி அடிக்குது. ஆனா எதிர்ப்பக்கமா அடிக்குது!"

"அது அப்படித்தான். கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் ரத்தத்த அனுப்பும், அப்புறம் நின்னு யோசிச்சு, அந்தப் பக்கம் அனுப்பும்."

அதிகாரி நிமிர்ந்து பொறியாளரைப் பார்த்தார். "நம்ம ஃபைல் போற மாதிரி இருக்கு."

பொறியாளர் வேறு வழியின்றிக் கடைசி வாதத்தை எடுத்தார். "சரி மேடம், பிராணி இருக்குன்னே வச்சுப்போம். ஆறு வருஷமாத் தெரியும்னு இவரே விளக்கத்துல எழுதியிருக்கார். அப்போ ஏன் முன்கூட்டியே சொல்லல? அதுவும் குற்றம்தானே?"

"கேள்வி நியாயம்" என்றார் அதிகாரி. "ஏன் சொல்லல?"

சல்லடைக்காரர் பதிவேட்டைத் திறந்து, அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திருப்பி, அதிகாரியின் பக்கம் தள்ளினார். அதிகாரி வாசித்தார்: அறுபது பீப்பாய், அடுத்த வாரம் மாலை, இரண்டாம் சல்லடையைச் சரிசெய்து தர வேண்டுதல். விரல் மெல்லக் கீழே இறங்கிப் பச்சை மையில் வந்து நின்றது.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதான் மேடம்."

"பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். பார்த்தேன்." பொறியாளர் நேர்மையான மனிதர், ஒரு கணம் தவித்துவிட்டுச் சொன்னார்: "படிக்கல."

விசாரணை அப்போதே முடிந்திருக்கலாம். ஆனால் அதிகாரி பதிவேட்டை மூடவில்லை. பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் போனார். பொறியாளரும் உதவியாளரும் காத்திருந்தார்கள். அவர் இருமுவதைக்கூட நிறுத்தியிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, சல்லடைக்காரரிடம் மிகுந்த கண்டிப்போடு கேட்டார்:

"அந்தப் பூட்டின கதவ என்ன பண்ணீங்க?"

"சல்லடைக்குப் பின்னாடி சுவத்துல சாத்தி வச்சிருக்கேன் மேடம். சாவி இன்னும் வரலாம்."

*

இரண்டாம் சல்லடை அந்த மாதமே சரிசெய்யப்பட்டது. மாற்றல் உத்தரவு தேதி இல்லாமலே கோப்பில் இருக்கிறது. விசாரணை அறிக்கையின் இணைப்பில் இப்படிக் கண்டிருக்கிறது: "சான்று எண் 1: கண்ணாடிப் பாட்டில் ஒன்று, உயிரினங்கள் ஏழு (விசாரணையின் போது ஆறு). உயிரினம் இருப்பதை விசாரணை அதிகாரி நேரடியாக உணர்ந்தார்." எந்த வழியில் உணர்ந்தார் என்பதை அறிக்கை சொல்லவில்லை. இறுதிப் பத்தியில் ஒரு புதிய விதி: பதிவேட்டில் கையெழுத்திடுபவர், அந்தப் பக்கத்தில் தாம் படித்தவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தம் கையாலேயே எடுத்தெழுத வேண்டும்.

அன்று நண்பகல், விசாரணை அறையிலிருந்து சல்லடைக்காரர் நேராகக் கால்வாய்க்குப் போனார். வாசலில் மச்சான் வழிமறித்தார்.

"மாமா! என்ன ஆச்சு? காகிதக் கிடங்கா?"

"சல்லடைதான்."

"அப்பாடா! அக்காவுக்குப் போன் பண்றேன். பாட்டில்ல என்ன, எல்லாரும் பத்திரமா இருக்காங்களா?"

"ஒருத்தர் குறையுறார்."

"தப்பிச்சிட்டாரா?"

"இல்ல மச்சான். மேலிடத்துக்குப் போயிட்டார்."

மீதி ஆறையும் கால்வாயின் முகப்புக்கு அப்பால், கடல் பக்கமாக, ஒவ்வொன்றாக விட்டார். நீரைத் தொட்டதும் அவை இல்லாமல் போயின. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நேரம் பார்த்து, எழுதினார்: "பிற்பகல் 12.50. விசாரணைக்குக் கொண்டுசென்ற கண்ணாடிப் பீப்பாய் 7. திருப்பி விட்டவை 6. ஒன்று தலைமை அலுவலகத்துக்குச் சென்றது."

மாலையில் தலைமைப் பொறியாளர் வந்தார். தொட்டியருகே தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். பதிவேட்டைத் திறந்து, பேனாவைத் திறந்து, நான்கு விநாடிக்குப் பழகிய கையை நிறுத்திக்கொண்டு, முதல்முறையாக மேலிருந்து கீழே வாசித்தார். வாசிக்க ஆறு நிமிடம் ஆனது. இரண்டு இடங்களில் அவர் தோள்கள் குலுங்கியதைச் சல்லடைக்காரர் அளவுமானியைப் பார்ப்பதுபோல இருந்து கவனித்தார். பக்கத்தின் அடியில் பச்சை மை இப்படி இருக்கிறது:

"ஒன்று தலைமை அலுவலகத்துக்குச் சென்றதைப் படித்தேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை."